தழும்பில்லாத இடம்

விசில் சத்தம் கேட்டதும் கோமதியின் கை நின்றுவிட்டது. கரும்பலகையில் 'மழைக்கால' என்பது வரைக்கும் எழுதியிருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலைப்பின் மீதிக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இது வரிசையில் நிற்கச் சொல்லும் விசில்தான், ஓடச் சொல்லும் விசில் இத்தனை குட்டையாக இருக்காது, நீளமாக, காதுக்குள் கம்பி விட்ட மாதிரி இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு 'நோய்கள்' என்று எழுதி முடித்தாள். "பத்து வரிக்குக் குறையாம எழுதணும். பேச்சு மூச்சு இருக்கக் கூடாது" என்றாள். ஜன்னல் பக்கம் போகவே கூடாது என்று காலையில் சேலைக்கு ஊக்கு குத்தும்போதே தீர்மானம் போட்டிருந்தாள். கால் கேட்டால்தானே. மாடியில் இந்த வகுப்புக்கு மட்டும் மைதானத்தைப் பார்த்த ஜன்னல், அதற்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. கரிசல் மண்ணின் மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மட்டப்படுத்திய மைதானம். அதன் இரண்டு கோடியிலும் விளையாட்டு வாத்தியார் ஜெபசிங் சார் பழைய பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு, திரும்பி இங்கே, திரும்பி அங்கே, நாலு நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், அப்புறம் நடை, அப்புறம் மறுபடியும் ஓட்டம். பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மனிதர் இதே பேச்சாகத்தான் இருக்கிறார். நம்ம பிள்ளைகள் காலையில் வேனில் உட்காருகிறது, வகுப்பில் உட்காருகிறது, டியூஷனில் உட்காருகிறது, இதயமும் ஒரு தசைதானே டீச்சர், அதுக்கு வேலை வேண்டாமா, கொஞ்ச நேரம் ஓடினாலும் முழு மூச்சாக ஓடணும் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். கோமதியும் ஆட்டினாள். நல்ல விஷயம்தானே, யார் இல்லை என்றார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேலியோரமாக வரிசை கட்டி நின்றார்கள். மூன்றாவதாக நின்று ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது தர்ஷிகா. குனிந்த தலை, ரெட்டைச் சடை, காலையில் கோமதி பின்னிவிட்ட சடை, அவள் மகள்.

அவளுக்குத் தெரியாது. அதுதான் இதில் பெரிய கொடுமை, ஓடப் போகிறவளுக்கே தெரியாது. நாலு வயதில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது அவளுக்கு ஒரு காய்ச்சல். லிஃப்டும், பச்சை உடுப்புப் போட்டவர்களும், யாரோ கொடுத்த ஊதாப் பலூனும் மட்டும் ஞாபகமிருக்கிறது. எனக்கு அன்னைக்கு எத்தனை டிகிரிம்மா காய்ச்சல் என்று ஒருநாள் கேட்டாள். நூத்திரெண்டு என்று கோமதி வாய் கூசாமல் சொன்னாள். அப்புறம் வருஷத்துக்கொரு தடவை மதுரைக்குப் போனதும் அந்தக் காய்ச்சல் திரும்பாமல் பார்க்கத்தான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் இதயத்துக்குள் ரெண்டு அறைக்கு நடுவில் இருந்த சுவரில் ஒரு ஓட்டை. பிறவியிலேயே வந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம்மா, தொடை ரத்தக் குழாய் வழியா ஒரு குட்டிக் குடையைக் கொண்டுபோய் விரிச்சு அடைச்சிடலாம் என்று டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். குடை என்றதும் கோமதிக்கு அழுகை வந்தது. அவள் வீட்டுக்காரர் ஆறுமுகத்துக்கு முகம் விடிந்தது. அப்போ தழும்பு விழாதா டாக்டர் என்று கேட்டார். அத்தனை பெரிய மனிதரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். விழாது என்றார் டாக்டர். விழவும் இல்லை. தொடை மடிப்பில் கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி இருந்தது, அடுத்த பொங்கலுக்குள் அதுவும் போய்விட்டது. தழும்பே இல்லைல்லா, அப்புறம் என்னத்துக்கு வெளியில சொல்லணும், பொம்பளப் பிள்ள, நாளைக்கு நாலு எடத்துலருந்து கேட்டு வருவாங்க, நெஞ்சுல ஓட்டை இருந்த பிள்ளைன்னு ஒருத்தன் வாயில விழுந்தா ஆயுசுக்கும் போகாது என்றார் ஆறுமுகம், பஸ்ஸில் திரும்பி வரும்போது. கோமதியும் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் அன்றைக்குத் தெரியவில்லை, மடியில் தூங்கும் பிள்ளையின் முடியை விலக்கிவிட்டுக்கொண்டு சரி என்றாள். டாக்டர் அனுப்பும்போது சொன்னது வேறு. ஓடலாம், ஆடலாம், எதுக்கும் தடை கிடையாது. வருஷா வருஷம் கொண்டுவந்து காட்டிட்டுப் போங்க. பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை சொல்லி வைங்க. மூன்றே விஷயம். பிள்ளையை ஓடவும் விடவில்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லவும் இல்லை. காட்டியதாவது உண்டா என்றால், நாலாம் வகுப்போடு அதுவும் நின்றுபோனது.

"மிஸ், தலைப்புக்கு அடிக்கோடு போடணுமா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். போடு என்றாள் கோமதி. ஸ்கேல் வெச்சா, சும்மாவா மிஸ் என்றாள் அவள். ஸ்கேல் வைத்து என்றாள். இந்தச் சின்னக் கேள்விக்கெல்லாம் எத்தனை சுலபமாகப் பதில் வருகிறது. நாலாம் வகுப்பில் கடைசியாகக் காட்டப் போனபோது, மதுரையில் அந்த ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒரு கேள்வி வந்தது. பொங்கலும் வடையும் வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே ஆறுமுகத்தின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர், குடும்பத்தோடு. என்ன அண்ணாச்சி இந்தப் பக்கம், பிள்ளைக்கு என்ன செய்யுது என்றார். ஆறுமுகம் ஒரு நொடி கூட எடுத்துக்கொள்ளவில்லை. வீசிங் என்றார். அன்றைக்குப் பிறந்ததுதான் தர்ஷிகாவின் வீசிங். கேண்டீனில் பிறந்த அந்த நோய் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடம் வந்து, வேன் டிரைவர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளையே நம்புகிறது. பனிக் காலத்தில் தானாகவே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறது. அத்தோடு மதுரைப் பக்கமே போக வேண்டாம், தெரிஞ்ச முகமா வருது என்றார் ஆறுமுகம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள் கோமதி. அடுத்த வருஷம் நாத்தனார் வீட்டில் கல்யாணம், அதற்கடுத்த வருஷம் என்னவோ ஒன்று. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சண்டை போடுகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம். நடுவில் ஓட்டத்துக்கும் வழியில்லாமல் பார்த்துக்கொண்டவள் பாக்கியம் அக்கா. பக்கத்து வகுப்பில் கணக்கு எடுக்கிற பாக்கியலட்சுமி டீச்சர், ஆறுமுகத்தின் பெரியப்பா மகனைக் கட்டியவள், முறைக்குக் கோமதிக்கு ஓரகத்தி. பி.டி. பீரியட் என்று ஒன்று கால அட்டவணையில் இருந்தால் அது கணக்குக்கு என்று இருக்கிறது என்பது பாக்கியம் அக்காவின் நம்பிக்கை. மைதானத்தில் இறங்குகிற பிள்ளைகளை மாடிப்படியிலேயே மடக்கி, ஏறுங்க மேல, பின்னம் முடிக்கல என்று திருப்பிக் கூட்டிப்போய்விடுவாள். பிள்ளைகள் சபிக்கும். ஆசிரியர் அறையில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். கோமதி மட்டும் மனசுக்குள் கும்பிடுவாள். பின்னம் முடியவே வேண்டாம், இந்த அக்கா நூறு வருஷம் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். இந்த வருஷம் தலைமையாசிரியை ஒரே போடாகப் போட்டுவிட்டார், பி.டி. பீரியடை யாரும் தொடக் கூடாது என்று. போதாததற்கு வீசிங்கும் கைவிட்டது. சார், எங்க பிள்ளைக்கு வீசிங், பார்த்து என்று கோமதி போய்ச் சொன்னதற்கு, அப்போ இன்னும் நல்லது டீச்சர், மெதுவா பழக்குவோம், மூச்சு வாங்குனா நிறுத்திடுவேன், நான் பாத்துக்கிடுதேன் என்று சிரித்தார் ஜெபசிங். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

நீளமாக விசில் ஒலித்தது. கோமதி எப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கம்பி குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள், செம்மண் புகையாக எழுந்தது, அதற்குள் எந்தச் சடை அவள் சடை என்று தேடினாள். அதோ. முன்னால் போகிறாள். ஏன் முன்னால் போகிறாள், யார் இவளை முன்னால் போகச் சொன்னது, நடுவில் போகக் கூடாதா, எல்லாப் பிள்ளைகளையும் போல வாயைப் பிளந்துகொண்டு கடைசியில் வரக் கூடாதா. டப்பாவைத் தொட்டாள், திரும்பினாள். திரும்பும்போது ஒரு காலைச் சறுக்கிக் குனிந்து எழுந்து மறுபடி பாய்ந்த அந்த லாவகத்தை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் பிள்ளை ஓடிக் கோமதி பார்த்ததே இல்லை. மாடிப்படியில் வேகமாக ஏறினாலே ஏய் மெதுவா என்று ஒரு குரல் போகும். தெருவில் பிள்ளைகள் விளையாடினால் உள்ளே வந்து படி என்று ஒரு குரல். இப்படிக் கட்டிப்போட்டு வளர்த்த பிள்ளைக்குள் இந்த ஓட்டம் எங்கே ஒளிந்திருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கோமதிக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பிள்ளை என்று தோன்றியது. அந்தப் பெருமையின் வாலைப் பிடித்துக்கொண்டே பயம் வந்தது. குடை. அந்தக் குடை இப்போது எப்படி இருக்கும். சதை வளர்ந்து அதை மூடிக்கொள்ளும், அப்புறம் அது உடம்போடு உடம்பு என்று டாக்டர் சொன்னார். மூடிக்கொண்டதா. நாலு வயதுப் பிள்ளையின் இதயத்தில் வைத்தது, பிள்ளை இப்போது தோள் உயரம் வந்துவிட்டாள், இதயமும் வளர்ந்திருக்குமே, குடை வளராதே, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்குமோ. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கலாம், அதற்கு மதுரைக்குப் போக வேண்டும். இங்கே ஊர் டாக்டரிடம் கேட்டால், அங்கே கம்பவுண்டராக இருக்கிற பெண்ணுக்குப் பாக்கியம் அக்காவைத் தெரியும். போன மாதம் ஒரு பேப்பர் செய்தி, எங்கேயோ ஓர் ஊரில் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன் சுருண்டு விழுந்தானாம், நன்றாகத்தான் இருந்தான் என்று பெற்றோர் கதறினார்களாம். அந்தச் செய்தியை அவள் ஆசிரியர் அறையில் நின்று படித்தாள், மடித்து வைத்தாள், மறுபடி எடுத்துப் படித்தாள். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே தெரியாது. எனக்குத் தெரியும். அவளுக்கு ஊர் சேர்ந்து அழும், எனக்கு யார் அழுவார்கள். சீ, என்ன நினைப்பு இது, வாயில் அடிக்க வேண்டும். ஓடுகிறாள், ஓடட்டும், டாக்டரே ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார். சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று. ஓடலாம் என்று சொன்னவர்தானே வருஷா வருஷம் காட்டு என்றும் சொன்னார். பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க முடியுமா. கோமதியின் நெஞ்சு அடிக்கிற அடியில் கம்பியே அதிர்வது மாதிரி இருந்தது. என் நெஞ்சு ஓடாமலே இந்தப் பாடு படுகிறதே, அவளுக்குள் அது என்ன பாடு படும். கீழே இறங்கிப் போகலாம். பிள்ளைகளா எழுதுங்க, இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, சார் நிறுத்துங்க என்று. அப்புறம்? ஏன் டீச்சர் என்பார். ஏன் என்ற ஒன்றுக்குத்தானே இத்தனை வருஷமாகப் பதில் சொல்லாமல் இருக்கிறது. மகளும் பக்கத்தில் நிற்பாளே. உனக்கு நெஞ்சில் ஒரு ஓட்டை இருந்ததடி என்று மைதானத்தில் வைத்தா சொல்வது. ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம், இல்லை, பெரிய பரீட்சை முடியட்டும், இல்லை, பெரியவளானதும் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, இப்போது பிள்ளை அந்த டப்பாவை நோக்கிப் பறந்துகொண்டிருக்கிறாள். "மிஸ், மலேரியாவுக்கு எந்த ல?" என்று யாரோ கேட்டார்கள். கோமதி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அந்த 'ல'வைப் பக்கத்தில் இருந்தவளே சொல்லிக் கொடுத்தாள்.

விசில். முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் முட்டியில் கை ஊன்றி நின்றார்கள், சிலர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஜெபசிங் சார் உட்காராதீங்க, நடங்க நடங்க என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தர்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சில் கை வைத்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும்தான் வைத்திருந்தார்கள், கை வைத்து எண்ணிப் பார்க்க அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், இது அதுதான். கோமதி பிள்ளையாரே என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, முன் பெஞ்சில் ஒன்றிரண்டு தலைகள் நிமிர்ந்தன. ஒன்றும் ஆகவில்லை. வருகிற சனிக்கிழமையே மதுரைக்குப் போய்விட வேண்டும். யார் பார்த்தாலும் சரி. வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டுகூடப் போக வேண்டாம், மீனாட்சி கோயிலுக்கு என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று அவள் பஸ்ஸில் ஜன்னலோர இடம் வரைக்கும் போய்விட்டாள். கோயில் என்று இன்னொரு பொய் அதற்குள் தயாராகிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மறுபடி மைதானத்தைப் பார்த்தபோது தர்ஷிகா நின்ற இடத்தில் இல்லை. சார் பக்கத்தில் இல்லை. தண்ணீர்க் குழாயிலும் இல்லை. அதற்குள் படியில் ஷூச் சத்தம், வராந்தாவில் வேர்வை வாடையும் மண் வாடையுமாக ஒரு மூச்சு, வாசலில் தர்ஷிகா.

"அம்மா" என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம், அதை மறந்துவிட்டாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது, உதட்டைப் பார்த்தாள் கோமதி, உதடு சிவப்பாகத்தான் இருந்தது, நகத்தைப் பார்த்தாள், மண்.

"என்னட்டி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஓடி முடிச்சு நிக்கும்போது இங்கன ஒண்ணு விட்டுப் போச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "டக்டக்டக்னு அடிச்சுட்டே இருந்துச்சா, திடீர்னு ஒண்ணு அடிக்கல. அப்புறம் பெருசா ஒண்ணு அடிச்சுது. படி இருக்குன்னு நெனச்சுக் கால் வெச்சா படி இல்லைன்னா எப்படி இருக்கும், அப்படி."

"வலிச்சுதா? கண்ணு இருட்டுச்சா?"

"இல்ல. ஒரு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். சார்ட்ட சொன்னேன். உனக்கு வேற ஏதாச்சும் உண்டான்னு கேட்டாங்க. வீசிங் மட்டுந்தான் சார்னேன். எதுக்கும் அம்மாட்ட போய்க் கேளு, அவங்க சரின்னு சொன்னா அடுத்த ரவுண்டு ஓடு, இல்லைன்னா உக்காந்துக்கோன்னாங்க." மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "நான்தாம்மா ஃபர்ஸ்ட்டு. பையங்களையும் சேத்து."

கோமதி மகளின் நெஞ்சில் கை வைத்தாள். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே அது இடித்துக்கொண்டிருந்தது, விடாமல், அறைக்குள் மாட்டிக்கொண்டவன் கதவைத் தட்டுகிற மாதிரி. சரியாக அடிக்கிற இதயம் கைக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, தப்பாக அடித்தால் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. ஒன்று விட்டுப்போகிறதா என்று காத்திருந்தாள். உட்காரு என்று சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம், இன்றைக்கு வேண்டாம்டி, உட்காரு என்றால் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும், அத்தோடு முடிந்தது. அந்த நல்ல மனிதர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டனுப்பியிருக்கிறார், இதற்கு மேல் ஒருத்தர் என்ன செய்ய முடியும். உட்காரு. சொல்ல வாயைத் திறந்தாள்.

"என்ன கோமதி, பிள்ளைக்கு நெஞ்சு வலியா?"

பக்கத்து வகுப்பு வாசலிலிருந்து பாக்கியம் அக்கா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் டஸ்டர், தோளில் எப்போதும் கழற்றாத கைப்பை. அந்தப் பைக்குள் சொந்தத்தில் பாதிப் பிள்ளைகளின் ஜாதகம் இருக்கும், யாருக்கு எங்கே பேசலாம் என்பது அவள் வாயில் இருக்கும், யாருக்குப் பேச வேண்டாம் என்பதும் அதே வாயில்தான். கண் கோமதியின் கையில் இருந்தது, கை மகளின் நெஞ்சில் இருந்தது. கோமதி கையை எடுத்தாள். சூடு பட்ட மாதிரி எடுத்தாள்.

"நெஞ்செல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"பெறகு என்னத்துக்கு மேல வந்து நிக்குதா? மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு. ஏட்டி, எங்கன வலிக்குது?"

"வலியெல்லாம் இல்ல பெரியம்மா" என்றாள் தர்ஷிகா. "ஒரு துடிப்பு விட்டுப் போச்சு."

"விட்டுப் போச்சா?" பாக்கியம் அக்கா நின்றாள். "என்ன கோமதி சொல்லுதா இவ? இதயத்துலயா? டாக்டர்ட்ட காட்டுனியா?"

இப்போது உட்காரு என்றால் நெஞ்சுக்காக உட்கார வைத்ததாகத்தான் ஆகும். ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் உட்காரு, இப்போது அதற்கு ஒரு பேர் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேர் சங்கரன்கோயில் வரை போய்விடும். போகட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. போனால் போகட்டும், கல்யாணம் ஆகாவிட்டால் என்ன, பிள்ளை இருக்கட்டும், வீட்டில் என்னோடு இருக்கட்டும், சொல்லிவிடு, சொல்லு. கோமதி அதைச் சத்தியமாக நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய், அவளைக் கேட்காமல், இத்தனை வருஷம் பழகிய பாதையில் தானாகவே போய்விட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. வேகமா ஓடுனா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். பாக்கியம் அக்காவும், ஆமா, ஓடிப் பழக்கமில்லாத பிள்ளைங்கல்லா, நான் அப்பவே சொன்னேன் ஒழுங்கா கணக்குப் போடுங்கட்டின்னு, கேட்டாத்தானே என்று சிரித்தாள். தர்ஷிகாவின் முகம் தெளிந்துவிட்டது. கோமதி அதைப் பார்த்தாள். வந்து நின்றபோது அந்தக் கண்ணில் சின்னதாக ஒரு பயம் இருந்திருக்கிறது. அது இப்போது போனபோதுதான் இருந்ததே தெரிந்தது. அம்மா சொன்னால் சரி. "அப்போ நான் போறேம்மா" என்று திரும்பிப் படியில் ரெண்டு ரெண்டாகக் குதித்து இறங்கினாள். தர்ஷி என்று கூப்பிட்டாள் கோமதி, கூப்பிட்டதாகத்தான் நினைத்தாள், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வந்தாள். பாக்கியம் அக்காவும் பின்னாலேயே வந்து, எங்க உன் மக, காட்டு பாப்போம் என்று தோளோடு தோள் உரசி நின்றாள். கீழே தர்ஷிகா சாரிடம் ஓடினாள், பேச்சு மேலே வரைக்கும் கேட்டது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம் சார்."

ஜெபசிங் சார் அதோடு விட்டுவிடவில்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். ஓடலாமா டீச்சர் என்று இன்னொரு கையைத் தூக்கிக் கேட்டார். பாக்கியம் அக்காவின் மூச்சு கோமதியின் கழுத்தில் பட்டது. கோமதியின் தலை ஆடியது. சார் சரி என்று விசிலை வாயில் வைத்தார்.